பார்த்தேன், கேட்டேன், நினைச்சேன்

"தெரியாது" என்று சொல்லும்போது அந்த டீச்சரின் முகம் மலர்ந்துவிடும். மற்ற வாத்தியார்களுக்குத் திடீர் லீவு விட்டால்தான் முகம் அப்படி மலரும்.

நான் முப்பத்தோரு வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவன். அதில் கடைசிப் பன்னிரண்டு வருஷம் தலைமையாசிரியர். ஒருநாள்கூட வகுப்பில் நின்று அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. தெரியாத கேள்வி வந்தால் "உட்காரு, இது பரீட்சைக்கு வராது" என்பேன். கேள்வி ரொம்பச் சங்கடமாக இருந்தால் மணி அடித்துவிடுவேன். மணி என் மேசைக்குப் பக்கத்திலேயே இருந்தது, அது ஒரு வசதி.

காரங்காட்டுக்குக் கொஞ்சம் தெற்கே கடலை ஒட்டிய ஒரு ஊர் அது. ஊர்ப் பெயர் வேண்டாம். அது என் மாமனார் ஊர், நான் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்பு, இருபத்து மூன்று பிள்ளைகள், இரண்டு வாத்தியார். கணக்கும் ஆங்கிலமும் என் பங்கு. தமிழும் சமூக அறிவியலும் அந்த டீச்சர் பங்கு. அவர் ஆர்.எஸ்.மங்கலத்துக்கு உள்ளே, கடலே கண்ணில் படாத ஒரு விவசாயக் கிராமத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவார். வந்த முதல் வாரமே நாலாம் வகுப்பு ஜெசிந்தா எழுந்து நின்று, "டீச்சர், ராஜா பல்லு வெளக்குவாரா?" என்று கேட்டாள்.

அடுத்த அறையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ஜெசிந்தா என் மச்சானின் மகள். என் மனைவியின் அண்ணனான அந்த மச்சான்தான் ஊர்த் தலைவர். அவர் வீட்டுப் பிள்ளையை உட்காரச் சொல்லப் புதிதாக வந்த டீச்சர் யோசிப்பாரே என்று நானே எழுந்து போகப் பார்த்தேன்.

"தெரியலையே!" என்றது டீச்சரின் குரல். திருவிழாவுக்குப் போகலாமா என்று யாரோ கேட்ட மாதிரி அவ்வளவு சந்தோஷம் அதில். "எனக்குத் தெரியாது. எப்படிக் கண்டுபிடிக்கலாம்? யாரைக் கேக்கலாம்?"

இருபது நிமிஷம் அந்த வகுப்பில் ராஜாவின் பல்தான் ஓடியது. வேப்பங்குச்சி என்றான் ஒருவன். ராஜாவுக்குக் குச்சியை வேறு யாராவது பிடித்துக்கொண்டு நிற்பார்கள் என்றான் இன்னொருவன். கடைசியில் பலகையில் பெரிதாக "தெரியாது" என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு கட்டமும் போட்டுவிட்டு வந்தார் டீச்சர். அன்று சாயங்காலமே ஜெசிந்தாவின் அம்மா என் வீட்டுக்கு வந்து, "என்னண்ணே, புது டீச்சருக்கு ஒண்ணுமே தெரியாதாமே" என்று கேட்டுவிட்டுப் போனார்.

டீச்சருடைய மூன்று கட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

ஒருநாள் சத்துணவுக் கூடத்துக்கு வெளியே இருந்த தண்ணீர் டிரம்மின் குழாய் உடைந்து கிடந்தது. ஒரு டிரம் நல்ல தண்ணீரும் மண்ணுக்குள் போய்விட்டது. எங்கள் பக்கத்தில் நல்ல தண்ணீர் என்றால் சும்மா இல்லை. நான் பிரம்பை எடுப்பதை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. ஆனால் தொண்டை இருந்தது. "எவன்லே உடைச்சவன்?" என்று நான் போட்ட சத்தத்தில் பிள்ளைகள் எல்லாரும் ஒரே பக்கமாகக் கையை நீட்டினார்கள். அஞ்சாம் வகுப்பு அந்தோணி. அவன் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. அழுகிறான் என்றால் அவன்தான் உடைத்திருக்கிறான் என்று எனக்கும் உறுதியாகிவிட்டது.

"சார், ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க" என்றார் டீச்சர். பிள்ளைகளை வகுப்புக்குள் அழைத்துப்போய்ப் பலகையில் மேலிருந்து கீழே இரண்டு கோடு போட்டார். மூன்று கட்டம் வந்தது. ஒன்றின் தலையில் "பார்த்தேன்", அடுத்ததில் "கேட்டேன்", மூன்றாவதில் "நினைச்சேன்" என்று எழுதினார். ஒவ்வொருவராக வந்து தனக்குத் தெரிந்ததைச் சரியான கட்டத்தில் எழுத வேண்டும்.

இரண்டாவது கட்டம் ஐந்து நிமிஷத்தில் நிறைந்துவிட்டது. அந்தோணி உடைச்சான்னு இவன் சொன்னான், அவன் சொன்னதாக அவள் சொன்னாள். மூன்றாவதும் நிறைந்தது. "அவன் போன வாரம் பெஞ்சை ஒடைச்சான், அதனால இதையும் ஒடைச்சிருப்பான்" என்று ஒருத்தி நாலு வரி எழுதியிருந்தாள். முதல் கட்டத்தில் மொத்தமே இரண்டு வரிதான். "அந்தோணி ஓடினான்." "சமையல் ஆயா ஆடு டிரம்மில் கழுத்தைத் தேய்த்தது."

"அப்ப யாரு உடைச்சது?" என்று கேட்டேன்.

"தெரியாது சார்" என்றார், அதே மலர்ச்சியோடு.

"அப்ப யாரைத்தான் கண்டிக்கிறது?"

"யாரையும் வேணாம் சார். புதுக் குழாய் ஒண்ணு வாங்கிருவோம்."

மறுநாள் காலையில் அவருடைய மேசை மேல் அந்தோணி ஒரு பொட்டலம் நண்டு வைத்திருந்தான். உயிர் நண்டு. பொட்டலம் அவிழ்ந்ததும் மூன்றாம் வகுப்பு முழுக்கப் பெஞ்சு மேல் ஏறிவிட்டது. டீச்சரும்தான்.

அதற்குப் பிறகு மூன்று கட்டம் அந்த வகுப்புப் பலகையின் இடது பக்கத்தில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. பாடப் புத்தகத்தில் ஒரு ராஜாவின் ஆட்சியில் மக்கள் மகிழ்ச்சியாக வாழ்ந்தார்கள் என்று வந்தால், "இது எந்தக் கட்டம்?" என்று கேட்பார். "யாரு சொன்னா? சனங்க சொன்னாங்களா, ராஜாவோட ஆளு சொன்னாங்களா?" பிள்ளைகளும் விடாமல் பிடித்துக்கொண்டன. என்னைக்கூட விடவில்லை. "நாளைக்கு அதிகாரி வாராரு, நகத்தை வெட்டிட்டு வாங்க" என்று நான் பிரேயரில் சொன்னால், வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்: "பார்த்தீங்களா சார், கேட்டீங்களா?" டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார்.

மீன் விற்க வரும் அம்மாவிடமும் இதே கதைதான். கூடையை இறக்கியதும், "இது இன்னைக்குக் காலையில பிடிச்சதா? நீங்க பார்த்தீங்களா?" என்பார். அந்த அம்மா சளைத்தவர் இல்லை. "நானா வலைய இழுத்தேன்? மீனுக்கிட்டயே கேளுங்க டீச்சர், அது எப்பச் செத்துச்சுன்னு." டீச்சர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அந்த மீனையே வாங்குவார்.

அவர் வீட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் நேராகத் தெரியாது. கணவர் வெளிநாட்டில் என்றார்கள், பிரிந்துவிட்டார் என்றார்கள், கல்யாணமே ஆகவில்லை என்றும் சொன்னார்கள். எல்லாம் இரண்டாவது கட்டம். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், "இந்தப் பழக்கம் உங்களுக்கு எங்கேருந்து வந்துச்சு டீச்சர்? வீட்டுல யாராச்சும் வக்கீலா?" என்று கேட்டேன். டிபன் மூடியைக் கையில் பிடித்தபடி நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். "தெரியலையே சார்" என்றார். அவருக்கே அது ஒரு புதுக் கேள்வியாக இருந்திருக்க வேண்டும். மாதக் கணக்கில் நான் அதை யோசித்துக்கொண்டிருந்தேன். வேலை மெனக்கெட்டு ஒரு மனுஷி எல்லாவற்றையும் ஏன் இப்படிப் பிரித்துப் பிரித்து வைக்க வேண்டும்?

இனிக் கயிற்றுக்கு வருகிறேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

நூறு வருஷம் என்றால் எவ்வளவு என்று ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. எனக்கே சரியாகப் புரியாது. டீச்சர் கரையிலிருந்து ஒரு பழைய வலைக்கயிற்றை வாங்கிவந்தார். எங்கள் ஊரில் இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம். கடலில் ஆழம் பார்க்கிற கணக்கு அதுதான், எந்தப் பிள்ளைக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு பாகம் ஒரு வருஷம் என்று வைத்துப் பிள்ளைகள் கையால் அளந்து அளந்து முடிச்சுப் போட்டார்கள். வகுப்பு வாசலில் இந்த வருஷம். ஒன்பதாவது முடிச்சில் அவர்கள் பிறந்தார்கள், கொடிமரத்துக்குக்கூடப் போகவில்லை. நாற்பதாவது முடிச்சில் அவர்களுடைய அப்பாமார். அது சத்துணவுக் கூடத்தைத் தாண்டியிருந்தது. நூறாவது முடிச்சு கரையில் கவிழ்த்துவைத்திருந்த வள்ளத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. பிள்ளைகள் அங்கே நின்று திரும்பிப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தார்கள். எனக்கும் போய் நின்று பார்க்க ஆசையாக இருந்தது. தலைமையாசிரியர் என்பதால் போகவில்லை.

அப்போதுதான் ஜெசிந்தா கேட்டாள். "டீச்சர், நம்ம கோயில் மணிய எந்த முடிச்சுல கட்டுறது?"

கோயில் என்றால் எங்கள் சர்ச். அதன் மணியைப் பற்றி ஊரில் பிறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு கதை பாடம். பெரிய புயலில் ஒரு கப்பல் எங்கள் ஊருக்கு நேரே உடைந்ததாம். முன்னோர்கள் மூழ்கிப் போய் அதன் மணியை எடுத்து, இரண்டு வள்ளத்துக்கு நடுவே கட்டித் தொங்கவிட்டுக் கரைக்குக் கொண்டுவந்தார்களாம். பக்கத்து ஊர்களுக்கு நாங்கள் கொடுக்கிற மரியாதை குறைவாக இருப்பதற்கு இந்த மணியும் ஒரு காரணம்.

அந்த வருஷம் திருவிழாவுக்கு ஒரு சிறப்பு மலர் போடுவதாக முடிவாகியிருந்தது. அதில் ஊர் வரலாறு எழுதியவன் நான். ஆறு பக்கம், என் போட்டோவோடு. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கப்பல் டச்சுக் கப்பல் என்று எழுதியதும் நான்தான். யாரும் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. பக்கத்து ஊர் மலரில் ஏற்கெனவே ஒரு போர்ச்சுக்கீசுக் கப்பல் கரைதட்டியிருந்ததால் எனக்கு டச்சுதான் மிச்சம். எழுதி முடித்ததும் எனக்கே அது நிஜம் மாதிரி ஆகிவிட்டது.

கயிறு கட்டியதற்கு மறுநாள் எனக்கு வட்டார அலுவலகத்தில் கூட்டம். நான் ஊரில் இல்லை. ஆகவே அன்று நடந்ததாக நான் இப்போது சொல்வதெல்லாம் பிற்பாடு பிள்ளைகளிடமும் உபதேசியாரிடமும் விசாரித்துத் தெரிந்துகொண்டது. உபதேசியார்தான் கோயில் சாவி வைத்திருப்பவர், மணி அடிப்பவர். டீச்சர் அவரிடம் அனுமதி கேட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, நாலு நாலு பிள்ளையாக மணிக்கூண்டுக்கு ஏற்றியிருக்கிறார்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. திருவிழாக் கொடியேற்றத்துக்கு முந்தின வாரம் மணிக்குச் சில்வர் பெயிண்ட் அடிப்பார்கள். உப்புக் காற்றில் இரும்பு எப்படிப் போகும் என்று கடல்காரனுக்குத் தெரியும். படகுக்கு அடித்தது போக மிச்சமிருக்கிற பெயிண்ட் மணிக்கு. மணி இரும்பு இல்லை, அதற்குப் பெயிண்ட் தேவையே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அடிக்கிறவர்கள் அன்பாக அடித்தார்கள், தாத்தா காலத்திலிருந்து வருஷத்துக்கு ஒரு பூச்சு. மணி அதனால் தோல் தடித்துப் போயிருந்தது. பிள்ளைகள் கையால் தடவியபோது பெயிண்டுக்கு அடியில் ஏதோ மேடு பள்ளம் தட்டுப்பட்டிருக்கிறது.

டீச்சர் ஒரு நோட்டுத் தாளைக் கிழித்து அந்த இடத்தில் வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்க்கச் சொல்லியிருக்கிறார். காசை வைத்துத் தேய்த்து எல்லாப் பிள்ளையும் விளையாடுகிற விளையாட்டுதான். தாளில் முதலில் ஒரு நங்கூரம் வந்தது. அதற்குக் கீழே எழுத்து வந்தது. தமிழ் எழுத்து.

"...ம்மாள் உபயம்."

முன்னால் இருந்த எழுத்துகள் பெயிண்டுக்குள் புதைந்துவிட்டன. எத்தனை தடவை தேய்த்தும் வரவில்லை. சுரண்டிப் பார்க்க உபதேசியார் விடவில்லை. மரியம்மாளா, சவரியம்மாளா, ஞானம்மாளா? பிள்ளைகள் வகுப்புக்கு வந்து ஆளுக்கொரு பெயரை மூன்றாவது கட்டத்தில் எழுதினார்கள். ஒவ்வொருவரும் தன் வீட்டில் எப்போதோ இருந்த ஒரு அம்மாளின் பெயரைத்தான் எழுதினார்கள். முதல் கட்டத்தில் "நங்கூரம், ம்மாள் உபயம்". இரண்டாவதில் "கப்பலில் வந்தது". கீழே பெரிதாக, கட்டம் கட்டி, "தெரியாது".

நான் அந்த நேரத்தில் கூட்டத்தில் போண்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் திரும்பி வருகிறபோதே போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. பென்சில் தேய்த்த அந்தத் தாளை எந்த வீட்டிலோ படம் எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். துபாயிலிருந்து ஒருவன் கேட்கிறான், சிங்கப்பூரிலிருந்து ஒருவன் கேட்கிறான். பக்கத்து ஊர்க்காரன் எவனோ அதைத் தன் ஊர்க் குழுவுக்கு அனுப்பி, கீழே சிரிக்கிற மூஞ்சி நாலு போட்டிருந்தான். அந்த நாலு மூஞ்சிதான் எங்கள் ஆட்களைக் கொன்றது.

நான் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே மச்சான் என் வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன மாப்பிள்ள, நம்ம மணி கப்பல்ல வந்தது பொய்யின்னு அந்த டீச்சர் புள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்துச்சாமே. உங்க பள்ளிக்கூடம்தானே அது? ஒண்ணு அந்த டீச்சர் இங்கன இருக்கட்டும், இல்ல எங்க புள்ளைக இருக்கட்டும். திங்கக்கிழமை அம்புட்டுப் புள்ளைகளையும் வேன்ல ஏத்தி டவுனுக்கு அனுப்பிருவோம். நீங்க காலிப் பெஞ்சுக்குப் பாடம் நடத்துங்க."

என் மனைவி தண்ணீர்ச் செம்போடு வந்தவள், அண்ணன் முகத்துக்கு நேரே கேட்டாள். "யாரோ ஒரு பொம்பள குடுத்திருக்கா. அதுல உங்களுக்கெல்லாம் என்ன கொறஞ்சுபோச்சு? அவ குடுத்த மணியத்தானே இத்தன காலமா அடிக்கிறீக?"

"நீ சும்மா இரு" என்றார் மச்சான். நானும் அதையே சொன்னேன். சொன்னதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இரண்டு நாளில் ஊர்க் கையெழுத்தோடு மனு போய்விட்டது. வட்டாரக் கல்வி அலுவலர் என்னிடம் எழுத்து மூலம் அறிக்கை கேட்டார். பிள்ளைகள் போய்விட்டால் பள்ளியை மூடிவிடுவார்கள், அதைக் காப்பாற்றத்தான் எழுதுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதி நிஜம். மீதிப் பாதி ராமநாதபுரத்தில் அச்சகத்தில் கிடந்த என் ஆறு பக்கம். நல்ல வெள்ளைத் தாளில், நான் எழுதிய ஒரு வரி இது: "நான் வகுப்பறையைப் பார்வையிட்டபோது, மேற்படி ஆசிரியை, மணி கப்பலில் வந்தது என்பது பொய் என மாணவர்களிடம் கூறிக்கொண்டிருந்தார்."

நான் பார்வையிடவில்லை. அந்தச் சொல்லை நான் என் காதால் கேட்கவும் இல்லை. மச்சான் வாயிலிருந்து வந்ததை நான் கண்ணால் பார்த்ததாக எழுதினேன். டீச்சர் வகுப்பில் உட்கார்ந்திருந்த மூன்றாம் வகுப்புக் குழந்தைகூட அப்படிக் கட்டம் மாற்றி எழுதாது.

டீச்சருக்கு நிர்வாக மாறுதல் என்று உத்தரவு வந்தது. முதுகுளத்தூர்ப் பக்கம் எங்கேயோ, அவர் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிற ஊர். அன்று வெள்ளிக்கிழமை. பிள்ளைகளை அனுப்பிவிட்டு நான் தனியாக உட்கார்ந்திருந்தபோது, தன் டம்ளரையும் கயிற்றையும் எடுக்க டீச்சர் வந்தார். என் அறிக்கையை அலுவலகத்தில் அவரிடம் காட்டியிருந்தார்கள். சண்டை போடுவார் என்று நான் பதிலெல்லாம் தயார் செய்துவைத்திருந்தேன்.

கயிற்றைச் சுருட்டிப் பையில் வைத்துவிட்டு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். "ஒரு சந்தேகம் சார். நான் பொய்யின்னு சொன்னேன்னு நீங்க எழுதியிருக்கீங்க. நீங்க அங்கன இருந்தீங்களா?"

குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ராஜாவின் பல்லைப் பற்றிக் கேட்ட அதே ஆவலோடு கேட்டார்.

"இல்ல... மச்சான் சொன்னாரு."

"அவரு இருந்தாரா?"

"அவரு எப்படி இருப்பாரு? அவரு மக ஜெசிந்தா இருந்துச்சுல்ல. அது வீட்டுல போய்ச் சொல்லியிருக்கும்."

"அந்தப் பிள்ளைகிட்ட யாராச்சும் கேட்டாங்களா சார், டீச்சர் என்ன சொன்னாங்கன்னு?"

மேசைக்குப் பக்கத்தில் பள்ளிக்கூட மணி கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அடிக்க முடியாது, பள்ளி விட்டாகிவிட்டது.

"தெரியாது" என்றேன்.

வாத்தியாராக இருந்த காலத்தில் நான் முதல்முறையாக அந்தச் சொல்லைச் சொன்னேன். சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. குத்திக்காட்டும் மலர்ச்சி இல்லை. ஒரு பிள்ளை சரியான பதில் சொன்னால் எப்படி மலருமோ அப்படி.

"சரி சார், வாரேன்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. இப்போது எந்த ஊரில் இருக்கிறாரோ, எதைத் தேய்த்துப் பார்க்கச் சொல்கிறாரோ, தெரியாது.

அந்தத் திங்கள்கிழமை புது டீச்சர் வருவதாக இருந்தது. அன்று வகுப்பைப் பூட்டுவதற்கு முன்னால் உள்ளே ஒரு பார்வை பார்த்தேன். பலகையின் இடது பக்கத்தில் அந்த மூன்று கட்டம் இருந்தது. பழைய எழுத்தெல்லாம் அழிந்து, புதிதாக ஏதோ எழுதியிருந்தது. வரி போகப் போக மேலே ஏறுகிற கையெழுத்து. எங்கள் வீட்டுப் பிள்ளை ஜெசிந்தாவின் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

முதல் கட்டத்தில் இப்படி இருந்தது: "டீச்சர் பொய்யின்னு சொல்லல. தெரியாதுன்னு சொன்னாங்க."

இரண்டாவதில்: "பெரிய சார் லெட்டர் எழுதுனாராம்."

மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட்டிருந்தாள்.

ஜெசிந்தா இப்போது கல்லூரியில் படிக்கிறாள். லீவுக்கு வந்தால் "மாமா" என்று வாய் நிறையக் கூப்பிடுகிறாள். அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. மலர் நன்றாக வந்தது. என் கட்டுரையைச் சட்டம் போட்டுக் கோயிலில் மாட்டியிருக்கிறார்கள், டச்சுக் கப்பலோடு. மணிக்கு அந்த வருஷம் இரண்டு பூச்சு அடித்தார்கள்.

அன்றைக்கு நான் அந்த வகுப்பில் கொஞ்ச நேரம் நின்றேன். பள்ளிக்கூடத்தில் வேறு ஒரு ஜீவன் இல்லை, சமையல் ஆயாவின் ஆடுகூட இல்லை. டஸ்டரை எடுத்து மூன்று கட்டத்தையும் அழித்தேன். யாரும் பார்க்கவில்லை என்றுதான் இத்தனை வருஷம் இருந்தேன். நான் பார்த்தேன்.